பயிரை மேய்ந்தது எது? இனி சாட்சி இருந்தால்தான் மனு நகரும்

காலையில் வயலுக்குப் போகிறீர்கள். பால் பிடித்துக்கொண்டிருந்த நெல் ஒரு மூலையில் சாய்ந்து மிதிபட்டுக் கிடக்கிறது. வரப்போரம் மண் கிளறியிருக்கிறது. சேற்றில் பிளவுபட்ட குளம்படி தெரிகிறது. நீங்கள் காட்டுப்பன்றி என்கிறீர்கள். பக்கத்து வயல்காரர், "இல்லை, யாரோ அவிழ்த்துவிட்ட மாடு" என்கிறார். இன்னொருவர், ஊருக்குள் திரியும் வளர்ப்புப் பன்றி என்று அடித்துச் சொல்கிறார். மூவரும் பார்த்தது காலடியைத்தான். விலங்கை யாரும் பார்க்கவில்லை.

இதுவரை இந்த வாக்குவாதம் டீக்கடையோடு முடிந்தது. இப்போது அப்படி விட்டுவிட முடியாது. கடந்த சில ஆண்டுகளில் வந்திருக்கும் 3 அரசு முடிவுகள், "எந்த விலங்கு, எந்த இடத்தில், எப்போது" என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கிறதா என்று பார்க்கின்றன. பதில் இருந்தால் வழி திறக்கும். இல்லாவிட்டால் மனு மேசைக்கு மேசை அலையும். அந்தப் பதிலைத் தரக்கூடிய எளிய கருவி, வனத்துறை பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் தானியங்கி கேமரா. அதை உங்கள் வயலில் எப்படிப் பயன்படுத்துவது, எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதைப் பார்ப்போம்.

மாறியிருக்கும் 3 விஷயங்கள்

முதலாவது, காட்டுப்பன்றி. 2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றிகளைக் கட்டுப்படுத்தும் முறையை அறிவித்தது. அதில் தூரம்தான் கணக்கு. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை, பன்றியைக் கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். சுடுவது வனத்துறையின் வேலை மட்டுமே. விவசாயி துப்பாக்கி எடுக்கவோ, கண்ணி வைக்கவோ இந்த அறிவிப்பு அனுமதி தரவில்லை. இதற்காக ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், வனத்துறை ஊழியர் அடங்கிய குழு ஊர் அளவில் உண்டு. அந்தக் குழுவின் முன் நீங்கள் நிற்கும்போது கேட்கப்படும் முதல் கேள்வி, வருவது காட்டுப்பன்றிதானா என்பதாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, பயிர்க் காப்பீடு. 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம், பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் வனவிலங்குச் சேதத்தையும் கூடுதல் பாதுகாப்பாகச் சேர்ப்பதாக அறிவித்தது. 2026 காரிஃப் பருவத்திலிருந்து இது நடைமுறைக்கு வரும் என்பது அறிவிப்பு. எந்தெந்த விலங்குகள், எந்தெந்த மாவட்டங்கள் அல்லது காப்பீட்டு அலகுகள் என்பதை மாநில அரசு, பழைய சேத விவரங்களின் அடிப்படையில் அறிவிக்க வேண்டும். சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள் பயிர்க் காப்பீட்டுச் செயலியில், இடம் குறிக்கப்பட்ட புகைப்படத்துடன் தகவல் கொடுக்க வேண்டும். இதில் ஒரு வரியைக் கவனியுங்கள்: பழைய சேத விவரங்களின் அடிப்படையில். இன்று பதிவாகாத சேதம், நாளை மாவட்டத்தைப் பட்டியலில் சேர்க்கும்போது கணக்கில் வராது.

மூன்றாவது, மின்வேலி. 2023-இல் தமிழக அரசு மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்துவதற்கான விதிகளைக் கொண்டுவந்தது. விட்டுவிட்டு அதிர்ச்சி தரும் கருவியுடன் கூடிய, தரக் குறியீட்டுக்கு உட்பட்ட சூரியசக்தி வேலி ஒன்று. மோட்டார் கொட்டகையிலிருந்து நேராகக் கம்பியில் மின்சாரம் பாய்ச்சுவது வேறொன்று. இரண்டாவது குற்றம். அது விலங்கை மட்டும் கொல்வதில்லை. இரவில் மடை திருப்ப வரும் பக்கத்து வயல்காரரையும், காலையில் புல் அறுக்க வரும் பெண்ணையும் கொல்லும். அந்தக் கம்பியைக் கட்டியவர் காலம் முழுக்க அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டும். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே இப்படிப்பட்ட வேலியில் சிக்கி 3 யானைகள் இறந்தன. விவசாயி கைது செய்யப்பட்டார். பன்றிக்கு வைத்த கம்பி, யார் வருவார்கள் என்று பார்த்துக் கொல்வதில்லை.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரியும். கையில் தடியும் கம்பியுமாக நின்ற காலம் முடிகிறது. பதிவும் ஆதாரமுமாக நிற்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

படப்பைப் பக்கம் ஏன் குழப்பம் அதிகம்?

மலையடிவாரத்து ஊரில் பயிரை மேய்ந்தது எது என்று கேட்டால் பதில் சீக்கிரம் கிடைக்கும். யானையின் காலடியை யாரும் மாட்டுக் காலடி என்று நினைக்கப் போவதில்லை. நம் பகுதி அப்படியல்ல.

ஒரு பக்கம் ஒரகடம், வல்லம்-வடகால், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை எனத் தொழிற்சாலைகள். நடுவில் வண்டலூர்–வாலாஜாபாத் சாலை. அதன் கிழக்கு முனையில் வண்டலூர் காப்புக்காடு. இடையில் மணிமங்கலம் ஏரி, படப்பை ஏரி போன்ற ஏரிகளும் அவற்றின் பாசனத்தில் நெல் வயல்களும். வயலுக்கும் தொழிற்சாலைச் சுவருக்கும் இடையே மனை போட்டு விற்கப்பட்டு, வீடு கட்டாமல் கிடக்கும் நிலங்கள். அவற்றில் சீமைக்கருவேலம் ஆளுயரத்துக்கு மேல் மண்டியிருக்கிறது. பகலில் பதுங்க முள்காடு, குடிக்கவும் புரளவும் ஏரிக்கரைச் சேறு, சாப்பிட உங்கள் வயல். காட்டுப்பன்றிக்கு வேறென்ன வேண்டும்?

அதே இடத்தில் ஓட்டல் கழிவும் விடுதிச் சாப்பாட்டு மிச்சமும் கொட்டப்படும் குப்பைமேடுகள் உண்டு. அவை வளர்ப்புப் பன்றிகளையும் தெருநாய்களையும் இழுக்கின்றன. மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டதால் மாடுகளை இரவில் அவிழ்த்துவிடும் பழக்கமும் இருக்கிறது. மயில் பெருகியிருப்பதை நீங்களே பார்க்கிறீர்கள். முயலும், முள்ளம்பன்றியும், பெருச்சாளியும் எப்போதும் இருந்தவை.

ஆக, ஒரே வயலில் ஒரே வாரத்தில் மூன்று வகை விலங்குகள் வந்து போகலாம். ஒவ்வொன்றுக்கும் போகவேண்டிய அலுவலகம் வேறு, சட்டமும் வேறு. உத்திரமேரூர், மதுராந்தகம் பக்கத்து விவசாயிகள் காட்டுப்பன்றிச் சேதத்தைப் பற்றித் தொடர்ந்து முறையிட்டு வருகிறார்கள். ஆனால் ஒரகடத்தைச் சுற்றியுள்ள ஊர்க்காரர் அதையே சொன்னால், "கம்பெனி ஊரில் காட்டு விலங்கா?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குக் காட்ட ஒரு படம் வேண்டும்.

ஏன் உங்கள் கண்ணில் படுவதில்லை?

"ராத்திரி முழுக்கக் காவல் இருந்தேன், ஒன்றும் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு மேய்ந்திருக்கிறது" என்று பலர் சொல்வார்கள். இது தற்செயல் இல்லை. காட்டுப்பன்றிக்குப் பார்வை மந்தம். மோப்பமும் காதும் கூர்மை. பீடி வாசனையும் டார்ச் வெளிச்சமும் பேச்சுச் சத்தமும் போதும், அது கரை மறைவிலேயே நின்றுவிடும்.

இது உலகம் முழுக்க நடப்பதுதான். 6 கண்டங்களில் 62 வகைப் பாலூட்டிகளைப் பற்றிய 76 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. மனித நடமாட்டம் உள்ள இடங்களில் விலங்குகள் இரவில் நடமாடுவது சராசரியாக 1.36 மடங்கு ஆகியிருப்பதாக அது சொன்னது. வழக்கமாகப் பகலில் பாதி, இரவில் பாதி நடமாடும் விலங்கு, நம் அருகில் வாழும்போது தன் நடமாட்டத்தில் 68 சதவீதத்தை இரவுக்கு மாற்றிக்கொள்கிறது. நம்மைப் பார்த்து அது நேரத்தை மாற்றிக்கொள்கிறது. அதைப் பார்க்கவேண்டுமானால் நாம் அங்கே இல்லாத நேரத்தில் பார்க்க வேண்டும். கேமரா செய்வது அதைத்தான்.

கேமரா எப்படி வேலை செய்கிறது?

டிபன் பாக்ஸ் அளவுள்ள பெட்டி. மரத்திலோ கம்பத்திலோ பட்டையால் கட்டலாம். உள்ளே வெப்பத்தை உணரும் சென்சார் இருக்கிறது. சுற்றுப்புறத்தை விடச் சூடான ஒரு உடல் அதன் முன்னால் அசைந்தால் கேமரா தானாக விழித்துப் படமோ, சில நொடி வீடியோவோ எடுக்கும். இருட்டில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அடிக்கும். அதனால் இரவுப் படங்கள் கறுப்பு வெள்ளையாக இருக்கும். படத்தின் கீழ் தேதியும் நேரமும் பதியும். மின் இணைப்பு வேண்டாம். பேட்டரி போதும். சிம் கார்டு போட்டுப் படத்தைக் கைபேசிக்கு அனுப்பும் வகையும் உண்டு. அதற்கு விலை கூடும்.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. விலங்கு கம்பியை இடறினால் தானே படம் எடுக்கும் கேமராவை வைத்து இந்தியக் காடுகளில் புலிகளைப் படம்பிடித்தவர், 1920-களில் வன அதிகாரியாக இருந்த எஃப்.டபிள்யூ. சாம்பியன். பிறகு 1990-களில் உல்லாஸ் கரந்த் கர்நாடகத்தின் நாகரஹொளேயில், படத்தில் தெரியும் வரிகளை வைத்துப் புலிகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு எண்ணும் முறையைக் கொண்டுவந்தார். 2018 அகில இந்தியப் புலிகள் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். கிடைத்தவை சுமார் 3 கோடியே 48 லட்சம் படங்கள். கின்னஸ் சாதனையாகவும் அது பதிவானது. அவற்றில் புலி இருந்த படங்கள் 76,651 மட்டுமே. மீதியெல்லாம் மற்ற விலங்குகள், மாடுகள், மனிதர்கள், ஆடும் இலைகள். நீங்கள் கேமரா வைத்தாலும் முதல் வாரம் கிடைப்பதில் பெரும்பகுதி அசையும் புல்தான். அதைப் பார்த்துக் கைவிட்டுவிடாதீர்கள்.

வயலில் எங்கே, எப்படிக் கட்டுவது?

முதலில் பகலில் வயலைச் சுற்றி நடந்து, விலங்கு நுழையும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். புல் விலகிய தடம், வரப்பு சரிந்த இடம், முள்வேலியில் ஒட்டிய மயிர், சேற்றில் புரண்ட பள்ளம் ஆகியவை அடையாளங்கள். மேய்ந்த இடத்தைவிட நுழையும் தடத்தில் கட்டுவதே நல்லது. மேய்ந்த இடத்துக்கு நாளை வராமல் போகலாம். வழி அவ்வளவு எளிதில் மாறாது.

உயரம் முழங்கால் அளவு, அதாவது ஒன்றரை அடி. தடத்திலிருந்து 10 முதல் 15 அடி தள்ளிக் கட்டுங்கள். தடத்துக்கு நேர் குறுக்காக வைத்தால் விலங்கு சட்டென்று கடந்துவிடும். கொஞ்சம் சாய்வாக, தடத்தின் நீளம் தெரியும்படி திருப்பி வையுங்கள். கிழக்கு, மேற்கு பார்த்து வைத்தால் காலை, மாலை வெயில் நேராக விழுந்து படம் வெளுத்துவிடும். வடக்கு பார்த்து வைப்பது நல்லது. முன்னால் உள்ள புல்லையும் தொங்கும் கிளையையும் அறுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் காற்றடிக்கும் ஒவ்வொரு முறையும் படம் எடுத்து ஒரே இரவில் பேட்டரி தீர்ந்துபோகும்.

நம் ஊர்க் கோடையில் ஒரு சிக்கல் உண்டு. மே மாத மதியத்தில் மண்ணின் சூடும் விலங்கின் உடல் சூடும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். அப்போது சென்சாருக்கு வித்தியாசம் தெரியாது. பகலில் படம் விழவில்லை என்பதால் பகலில் ஒன்றும் வரவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெட்டியின் ரப்பர் ஓரம் சரியாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே எறும்பு கூடு கட்டுவதும் நடக்கும். சாலையோர நிலமாக இருந்தால், போகிறவர் வருகிறவர் கண்ணில் படாமல் உள்ளே தள்ளிக் கட்டி, பூட்டுடன் கூடிய கம்பி போடுங்கள்.

கட்டியவுடன் முதல் படம் நீங்களே எடுக்க வேண்டிய படம். ஒரு சிலேட்டில் அல்லது அட்டையில் ஊர், சர்வே எண், தேதி, பயிர், பயிரின் வயது எழுதிக் கேமரா முன் பிடியுங்கள். அதற்குமுன் கேமராவில் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா, காலை மாலை மாறிக் கிடக்கிறதா என்று பாருங்கள். நேரம் தவறான படம் சாட்சிக்கு உதவாது.

மெமரி கார்டை 2 நாளுக்கு ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள். காப்பீட்டுக்கு 72 மணி நேரக் கெடு இருப்பதால், ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கெடு தாண்டியிருக்கும். ஒரே தடத்தில் குறைந்தது 2 வாரம் கேமரா இருக்கட்டும்.

படத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

நாட்டுக் கறுப்புப் பன்றியும் காட்டுப்பன்றியும் இரவுப் படத்தில் ஒன்றுபோலத் தெரியும். காட்டுப்பன்றிக்குக் கழுத்திலிருந்து முதுகு வழியாக நிமிர்ந்த முடிவரிசை இருக்கும். வால் சுருளாமல் நேராகத் தொங்கும். மூக்கு நீளமாக இருக்கும். குட்டிகளோடு வந்தால் சந்தேகமே வேண்டாம்: காட்டுப்பன்றிக் குட்டியின் உடலில் நீளவாக்கில் கோடுகள் இருக்கும். பெட்டைகளும் குட்டிகளும் கூட்டமாக வரும். வளர்ந்த ஆண் பெரும்பாலும் தனியாக வரும்.

நீங்கள் எதிர்பார்த்தது படத்தில் வராமலும் போகலாம். பன்றி என்று நினைத்தது பெருச்சாளியாக இருக்கலாம். தூர் அடியில் சாய்வாக வெட்டுப்பட்டிருந்தால் எலியைச் சந்தேகியுங்கள். வேலிக்குச் செலவழிக்க இருந்த பணம் எலிக் கிட்டியோடு முடியும். படம் உங்கள் நினைப்பைப் பொய்யாக்கினால் அதுவும் உங்களுக்கு லாபம்தான்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், எத்தனை விலங்கு, எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் என்று எழுதி வாருங்கள். 2 வாரத்தில் ஒரு ஒழுங்கு தெரியும். உதாரணத்துக்கு, வரும் நேரம் பெரும்பாலும் இரவு 11 முதல் 1 மணி வரை என்று தெரிந்தால் விடிய விடிய விழித்திருக்க வேண்டாம். நுழைவது ஒரே மூலை என்றால் 2 ஏக்கரையும் சுற்றி வேலி போட வேண்டாம்.

இன்னொரு பயனும் உண்டு. பழைய சேலை கட்டுவது, மினுக்கும் விளக்கு, சத்தம் போடும் கருவி என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். கடைக்காரர் சொல்வதை நம்பி வாங்குவதற்குமுன், கட்டாத வாரத்தில் எத்தனை முறை வந்தது, கட்டிய வாரத்தில் எத்தனை முறை வந்தது, மூன்றாவது வாரத்தில் பழகிவிட்டதா என்று படத்தை வைத்து எண்ணுங்கள். எது வேலை செய்கிறது என்பது உங்கள் வயலிலேயே தெரிந்துவிடும்.

மயிலாடுதுறை கற்றுக்கொடுத்தது

வனமே இல்லாத மாவட்டத்தில் வனவிலங்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024 ஏப்ரல் ஒரு பாடம். மயிலாடுதுறை நகரில் ஏப்ரல் 2-ஆம் தேதி இரவு தெருவோரக் கண்காணிப்புக் கேமராவில் ஒரு சிறுத்தை பதிவானது. மறுநாள் முதல் பள்ளிகளுக்கு விடுமுறை விட வேண்டியிருந்தது. அங்கே பார்த்தேன், இங்கே பார்த்தேன் என்று தகவல்கள் குவிந்தன. எது உண்மை, எது பயம் என்று பிரிக்க வனத்துறைக்குத் தானியங்கி கேமராக்கள்தான் துணை. ஓடைகளையும் வாய்க்கால்களையும் ஒட்டிக் கேமரா வைத்துத் தேடினார்கள். சில நாட்களில் அதே மாதம் அரியலூர் மாவட்டம் செந்துறையில் இன்னொரு கண்காணிப்புக் கேமராவில் சிறுத்தை பதிவானபோதுதான் தேடும் திசை மாறியது.

இதிலிருந்து நமக்கு ஒரு செய்தி. ஆட்டுப்பட்டியில் ஆடு செத்துக் கிடந்தால் முதல் பேச்சு சிறுத்தை என்றுதான் வரும். வாட்ஸ்அப்பில் வேறெங்கோ எடுத்த பழைய படம் "நம்ம ஊர் ஏரிக்கரை" என்று சுற்றும். பல நேரம் கடித்தது தெருநாய்க் கூட்டமாக இருக்கும். நாய் கடித்து இறக்கும் கால்நடைகளுக்கு இழப்பீடு தருவதாகத் தமிழக அரசு 2025-இல் அறிவித்தது. ஆடு ஒன்றுக்கு 6,000 ரூபாய். சிறுத்தை என்று சொல்லி வனத்துறை வாசலில் நின்றால் அந்த இழப்பீட்டுக்கான நாட்கள் வீணாகும். பட்டியைப் பார்த்தபடி ஒரு கேமரா இருந்திருந்தால், எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்பது அன்று காலையே தெரிந்திருக்கும்.

படம் கையில் இருந்தால் எங்கே போவது?

காட்டுப்பன்றி, மான், முள்ளம்பன்றி போன்றவை என்றால் வனச்சரக அலுவலகம். உங்கள் சர்வே எண் காப்புக்காட்டு எல்லையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதையும் அங்கேயே எழுத்தில் கேளுங்கள். காட்டுப்பன்றி விஷயத்தில் எல்லாமே அந்தத் தூரத்தைப் பொறுத்தது. மாடு, வளர்ப்புப் பன்றி, தெருநாய் என்றால் ஊராட்சி. எலி, பெருச்சாளி என்றால் வட்டார வேளாண் விரிவாக்க மையம்.

எந்த அலுவலகமானாலும் மனுவுடன் பட்டா அல்லது அடங்கல் நகல், சேதப் பகுதியின் கைபேசிப் படம், தானியங்கி கேமராவின் தேதியிட்ட படம், நோட்டுப் புத்தகப் பக்கத்தின் நகல் ஆகியவற்றை வைத்து, ரசீது வாங்குங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் அந்த ரசீதோடு எழுந்து நில்லுங்கள்.

இதில் 2 விஷயத்தை மறக்க வேண்டாம். தானியங்கி கேமராவின் படத்தில் பெரும்பாலும் இடக்குறிப்பு இருக்காது. காப்பீட்டுச் செயலி கேட்பது இடம் குறிக்கப்பட்ட படம். ஆகவே சேதத்தைக் கைபேசியில், செயலி வழியாகத் தனியாக எடுத்தே தீர வேண்டும். கேமரா படம் அதற்குத் துணைச் சாட்சி. அடுத்தது, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கி, உள்ளே பதிந்த தேதி விவரம் போய்விடும். மூலப் படத்தை வெட்டாமல், அழிக்காமல் கார்டிலேயே வையுங்கள். ஒரு நகலைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாதவை

கேமராவை உங்கள் பட்டா நிலத்தில் மட்டும் வையுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். கேமரா வைப்பதற்கும் அனுமதி வேண்டும்.

மனிதர் நடமாடும் பாதை, வாய்க்கால் படித்துறை, பெண்கள் ஒதுங்கும் இடம் ஆகியவற்றை நோக்கி ஒருபோதும் திருப்பாதீர்கள். உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகத்தைச் சுற்றியுள்ள ஊர்ப் பெண்கள், வனக் கேமராக்களால் மானத்துக்கும் நிம்மதிக்கும் ஏற்பட்ட கேட்டைச் சொல்லியிருக்கிறார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் இதை விரிவாக ஆராய்ந்து 2024-இல் வெளியிட்டார். ஒதுங்கப் போன பெண்ணின் படம் கைபேசிகளில் சுற்றிய கொடுமையும் அதில் உண்டு. காடு காக்க வைத்த கேமராவே இப்படி ஆகும் என்றால், வயலில் வைக்கும் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கேமரா வைத்திருப்பதைப் பக்கத்து வயல்காரர்களிடமும், அந்த வழியாக வேலைக்குப் போகிறவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தவறி மனிதர் படம் விழுந்தால் யாரிடமும் காட்டாமல் அழித்துவிடுங்கள்.

விலங்கு வரும் தடத்தையும் நேரத்தையும் ஊர் முழுக்கப் பரப்பாதீர்கள். வேட்டைக்காரனுக்கு அது வழிகாட்டி. வரும் வழி தெரிந்துவிட்டது என்று கண்ணியோ, அவுட்டுக்காயோ, விஷமோ, மின்கம்பியோ வைத்தால் நீங்கள் சேர்த்த படமே உங்களுக்கு எதிரான சாட்சியாகும்.

செலவை யார் ஏற்பது?

நல்ல தானியங்கி கேமராவின் விலை சில ஆயிரம் ரூபாயில் தொடங்குகிறது. பேட்டரிச் செலவு தனி. ஒன்றரை ஏக்கர் குத்தகை நிலத்தில் சொர்ணவாரி போட்டிருப்பவருக்கு இது சின்னத் தொகை இல்லை. அதனால் ஆளுக்கு ஒன்று வாங்க வேண்டாம். ஒரே மதகின் பாசனத்தில் இருக்கும் 10 பேர் சேர்ந்து 2 கேமரா வாங்கி, பயிர் பால் பிடிக்கும் நேரத்தைப் பார்த்து மாற்றி மாற்றிக் கட்டலாம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வழியாக வாங்கி வாடகைக்குத் தரலாம்.

ஆனால் இதை விவசாயிகள் தலையில் மட்டும் கட்டிவிடுவது நியாயம் இல்லை. கோவை மதுக்கரையில் ரயில் பாதையைக் கடக்கும் யானைகளைக் காக்க வனத்துறை 2024-இல் 12 கோபுரங்கள் அமைத்து, யானை வந்தால் செயற்கை நுண்ணறிவு மூலம் உடனே எச்சரிக்கும் கேமராக்களைப் பொருத்தியது. அது பலன் தந்திருக்கிறது. யானைக்குச் செய்ய முடிந்தது, நெல்லுக்கும் முடியும். ஒவ்வொரு வட்டார வேளாண் விரிவாக்க மையத்திலும் 5 கேமராக்கள் வைத்து, மனு கொடுக்கும் விவசாயியின் வயலில் 2 வாரம் கட்டிக் கொடுத்தால் போதும். அரசே எடுத்த படமாக இருப்பதால் அதை யாரும் சந்தேகிக்க முடியாது. மாவட்டம் முழுக்க எங்கே, எந்த விலங்கு, எந்தப் பருவத்தில் என்ற பதிவும் சேரும். காப்பீட்டுப் பட்டியலில் காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களைச் சேர்க்க வேண்டும் என்று கேட்க அந்தப் பதிவைவிடப் பெரிய ஆதாரம் கிடையாது. அடுத்த குறைதீர் கூட்டத்தில் சேதத்தை மட்டும் சொல்லாமல், இந்தக் கோரிக்கையையும் எழுதிக் கொடுங்கள்.

இது நடக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். கேமரா இல்லாவிட்டாலும் பரவாயில்லை. காலடியின் மேல் ஒரு தீப்பெட்டியை அளவுக்கு வைத்துக் கைபேசியில் படம் எடுங்கள். தேதி, மேய்ந்த அளவு, பயிரின் வயது ஆகியவற்றை எழுதுங்கள். இந்தப் போகம் முடியும்போது, "எது வந்தது, எத்தனை முறை வந்தது?" என்று யார் கேட்டாலும் நோட்டைத் திறந்து காட்ட உங்களால் முடிய வேண்டும்.